'ங்க' என்றால் ஒருவேளை

கோயமுத்தூரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எனக்குச் சொற்களை வெட்டுகிற வேலை. நிருபர் முந்நூறு சொல்லில் எழுதிக் கொடுப்பதை நூறாக்கி அச்சுக்கு அனுப்ப வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலையை விட்டுவிட்டு, மனைவியோடு ஜாம்பியாவின் வடக்கே ஒரு கிராமத்துக்குப் போனேன். அவள் நர்ஸ், சூலூர்க்காரி. அவளுடைய கிறிஸ்தவச் சபை அந்தக் கிராமத்தில் நடத்திய சின்ன மருத்துவ நிலையத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஆள் கேட்டார்கள். அவள் கை தூக்கிவிட்டாள். என்னிடம் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

"ஏனுங்க, நான் சரின்னு சொல்லிப்போட்டேனுங்க. போலாங்களா?"

நான் அவளுடைய சபையைச் சேர்ந்தவன் அல்ல. பீளமேட்டில் தெலுங்கு பேசும் வீடு எங்களுடையது. அம்மா வருடத்துக்கு ஒரு தடவை கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் முழுகிவிட்டு வருவார். பை தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். என் பக்தி அந்தப் பையோடு சரி. 'கடவுள் இருக்கிறார்' என்று ஒரு செய்தி என் மேஜைக்கு வந்திருந்தால், 'எனக் கூறப்படுகிறது' என்று கடைசியில் சேர்த்துத்தான் அச்சுக்கு விட்டிருப்பேன். சபைக்காரர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பயணத் தாளில் என் பொறுப்பு என்ன என்ற இடத்தில், "சிஸ்டர் ஊட்டுக்காரருங்கன்னு எழுதிக்கலாமுங்க" என்று சபைச் செயலாளர் சொன்னார். அங்கே போய் மருந்து அலமாரிக்கும் ஜெனரேட்டருக்கும் நான் காவல் என்று ஏற்பாடு.

செம்மண் பாதையின் ஓரத்தில் நாற்பது வீடுகள். மனித உயரத்துக்கு மேல் கரையான் புற்றுகள். மருத்துவ நிலையம் என்பது தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி அறுபது மைல் தள்ளி. வியாழக்கிழமை ஒரு லாரி அந்த ஊருக்குப் போகும், சனிக்கிழமை திரும்பி வரும். மழை பிடித்துவிட்டால் அதுவும் இல்லை. மக்காச்சோள மாவைக் கிளறி மூன்று வேளையும் களி தின்றார்கள். என் மனைவி முதல் நாளே அதை உருட்டி விழுங்கிவிட்டு, எங்கள் ஊட்டுக் களிக்கு இது தங்கச்சி என்று சொல்லிவிட்டாள்.

அவர்களுடைய பேச்சு பெம்பா. அவள் நான்கு மாதத்தில் பேசக் கற்றுக்கொண்டாள். எனக்கு இருபது சொல்லோடு நின்றுபோயிற்று. மரியாதையில் அந்த ஊர்க்காரர்கள் நம் பக்கத்தாரையும் மிஞ்சியவர்கள். பெண்கள் முழங்காலிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டி வணக்கம் சொல்வார்கள். அவளை 'பமாயோ' என்பார்கள், அம்மா என்று பொருள். அப்படிப்பட்டவர்களிடம் மொட்டையாகப் பேச அவள் நாக்குக்கு வரவில்லை. வாக்கியம் பெம்பாவில் இருக்கும், முடிவில் சூலூர் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் குறைந்துவிட்டது-ங்க. மாத்திரையை விழுங்குங்கள்-ங்க. கேட்டவர்கள் தலையைச் சற்றுச் சாய்த்து, பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். அதுவும் மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அக்டோபர் வெயிலில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முன்பு இரண்டு குழந்தைகள் பிறக்கும்போதே போய்விட்டன. என் மனைவி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இப்படியே வலி கண்டால் தாயும் தப்பமாட்டாள், வியாழக்கிழமை லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கிவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பெண்ணிடமும் பொறுமையாக விளக்கினாள். போனால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள், குழந்தை பிழைக்கும் என்று தைரியம் சொல்லி அனுப்பினாள். அவள் கைகளைத் தட்டி வணங்கிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை லாரி வந்தது. அவள் வரவில்லை. என் மனைவி அவள் வீட்டுக்கே போய் மறுபடியும் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை. மழைக்கு முன் லாரி இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரும்.

அன்று சாயங்காலம் உபதேசியார் வந்தார். அந்த ஊர் ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்தார், இங்கிலீஷ் பேசுவார். என் வயதுதான். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வார். சிஸ்டர் நல்லவர்தான், ஆனால் எதையும் முழுசாகச் சொல்வதில்லை என்று ஊர்ப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

பெம்பாவில் 'ங்க' என்று ஒரு தனிச் சொல் உண்டு. நாம் 'வந்தால்', 'போனால்' என்கிறபோது கடைசியில் வருகிற 'ஆல்' இருக்கிறதே, அதன் பொருள்தான். அவர்கள் அதை முதலில் சொல்லி, பிறகு நிபந்தனையைச் சொல்வார்கள். 'ங்க' என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், ஒரு நிபந்தனையைச் சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டதுபோல இருக்கும். 'குழந்தை பிழைக்கும்-ங்க' என்று என் மனைவி தைரியம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் கேட்டது, 'குழந்தை பிழைக்கும், ஒருவேளை...' அந்த ஒருவேளைக்குப் பின்னால் என்ன என்று வீட்டில் எல்லோரும் யோசித்திருக்கிறார்கள். நர்ஸுக்கு ஏதோ தெரியும், சொல்ல மனமில்லை, அறுபது மைல் தள்ளித் தனியாகச் சாகவிட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஐந்து மாதமாக ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். பமாயோவின் பேச்சைத் திருத்துவது மரியாதையா என்று திருப்பிக் கேட்டார். மரியாதைக்கு அவர்களுக்கும் ஒரு சொல் இருந்தது, 'முக்வாய்'. வாக்கியத்தின் கடைசியில் அதைச் சேர்த்தால் போதும். அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

என் மனைவி மருந்து அறையில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்கம்மா மரியாதையாப் பேசோணும்னு சொல்லிச் சொல்லி வளத்துனாங்க" என்றாள். "அதே இப்ப ஒரு உசுருக்கு எமனா வந்துருச்சு பாருங்க."

வெட்டுவது என் தொழில் என்பதால் நானே பயிற்சி கொடுத்தேன்.

"லாரி வரும். சொல்லு அம்மணி."

"லாரி வரும்ங்க."

"ங்க வேண்டாம்."

"சரிங்க."

"இப்பவும் சொன்னே."

"அது உங்களுக்குச் சொன்னதுங்க. பெம்பாவுல சொல்றப்ப வராதுங்க, நீங்க சும்மா இருங்க."

மறுநாள் காலையில் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவள் புருஷன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். உயரமான, அதிகம் பேசாத ஆள். அவள் பாயில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் 'ங்க' விஷயத்தை எடுத்துச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்து ஒன்று கேட்டாள். உபதேசியார் எனக்கு மொழிபெயர்த்தார்.

"சரி, அந்தச் சொல் உங்கள் ஊர் மரியாதை. அதை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். என் குழந்தை பிழைக்குமா?"

என் மனைவி பாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'குழந்தை பிழைக்கும், முக்வாய்' என்று அவள் சொல்லத் தயாரித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும், முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அதைத்தான் ஒப்பித்தாள். அதை அவள் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள். "இங்கே இருந்தால் பிழைக்காது. அது தெரியும். அங்கே கத்தி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அதுவும் தெரியும். அதற்கு மேல் கடவுளுக்குத்தான் தெரியும், முக்வாய்."

அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "நீங்கள் லாரியில் ஏறினால் நானும் ஏறுகிறேன்."

நர்ஸ் நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்பது சபையின் விதி. காசநோய்க்காரர்கள் பதினொரு பேர் தினமும் காலையில் வந்து எங்கள் முன்னால்தான் மாத்திரை விழுங்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி முன்னால் நடந்தாள். ஒரு புற்றுக்குப் பக்கத்தில் நின்று, "ஏனுங்க, மாத்திரை நீங்க குடுப்பீங்களா?" என்றாள். முன்பு போல் முடிவு செய்துவிட்டுக் கேட்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையிலேயே கேட்டாள். கொடுக்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை லாரியின் பின்பக்கம் சோள மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள். புருஷனுக்கு இடமில்லை. ஊரே நின்றது. உபதேசியார் நீளமாக ஜெபித்தார். பிறகு என் மனைவியை ஜெபிக்கச் சொன்னார். அவள் ஜெபம் எப்போதும் தமிழில்தான்.

"ஆண்டவரே, கூட வாங்க. இந்தப் புள்ளயக் கைவிட்டுப்போடாதீங்க. நாங்க தனியா இருக்கறமுங்க."

ஒவ்வொரு 'ங்க'வுக்கும் கூட்டம் தலையசைத்தது.

லாரி போன பிறகு உபதேசியாரிடம் கேட்டேன், இத்தனை மாதமும் அவளுடைய ஜெபம் உங்கள் காதில் எப்படி விழுந்தது, ஒருவேளை ஒருவேளை என்றா? ஆமாம் என்றார். அது ஊருக்குப் பிடித்திருந்ததாம். பெரிய மனிதரிடம் போய், கட்டாயம் தர வேண்டும் என்று யாராவது கேட்பார்களா, மறுக்க இடம் விட்டுத்தானே கேட்க வேண்டும் என்று கிழவிகள் பேசிக்கொண்டார்களாம். நோயாளியிடம்தான் ஒருவேளை கூடாது என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. சந்தேகம் என் வீட்டுச் சொத்து, நம்பிக்கை அவள் வீட்டுச் சொத்து என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தேன். அந்தப் பாயின் பக்கத்தில் அவள் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதை நான் கேட்டேன். எனக்கு எவ்வளவு தெரியாதோ அவளுக்கும் அவ்வளவு தெரியாது. அவள் லாரியில் ஏறினாள். வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

சனிக்கிழமை திரும்பி வந்த லாரி டிரைவர் ஒரு சீட்டைக் கொடுத்தார். 'நாளைக்கு ஆபரேஷன். மாத்திரைக் கட்டு நீல டப்பாவுல இருக்குதுங்க. மறந்துபோடாதீங்க.' அதை உபதேசியார் மூலம் அந்தப் பெண்ணின் புருஷனுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஏழு நாட்கள் எந்தச் செய்தியும் இல்லை. போன் இல்லை. அவன் தினமும் மத்தியானம் வந்து நிலையத்து வாசலில் உட்காருவான். மடியில் வறுத்த நிலக்கடலை இருக்கும். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லாததால் கடலையை உரித்துத் தின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தோம். வியாழனன்று லாரி எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. அன்று அவன் கைகளைக் கூப்பி, கண்ணை மூடிக் காட்டி, என்னைச் சுட்டினான். நீ ஜெபிக்கிறாயா என்று கேட்கிறான். ஆமாம் என்றேன். பொய் இல்லை. காலையில் பதினொரு பேருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அலமாரியைப் பூட்டும்போது ஒரு நிமிடம் நிற்பேன். யாரிடம் கேட்டேன், காவிரியிடமா அவளுடைய ஆண்டவரிடமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டது உண்மை.

சனிக்கிழமை லாரி வந்து நின்றபோது முன்பக்கக் கதவைத் திறந்து என் மனைவி இறங்கினாள். தலை முழுக்கச் செம்மண். கையில் ஒரு துணி மூட்டை. நேராக என்னிடம் வந்து அதை நீட்டினாள்.

"புடிங்க. கழுத்தப் புடிங்க, கழுத்த. பொண்ணுங்க."

நான் குழந்தையைத் தூக்கிப் பழகாதவன். முழங்கைகள் இறுகிப்போய் நின்றேன். புருஷன் என்னைத் தாண்டிப் போனான். குழந்தையைப் பார்க்கக்கூட இல்லை. முன் ஸீட்டில் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கி, அவள் தரையில் ஊன்றி நிற்கிற வரைக்கும் பிடித்திருந்தான். இடுப்பில் துணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அவள் தலையாட்டிய பிறகுதான் என்னிடம் வந்து, விரலால் துணியை விலக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று மனைவியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. உபதேசியார் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் அந்தச் சொல் எனக்கு மறந்துவிட்டது.