முல்லைத்தீவில் குடிக்காத தேத்தண்ணீர்

மாங்குளத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி, ஐப்பசி மழை. முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் முப்பது மைல். இந்தியா–பாகிஸ்தான் போர்நிறுத்தம் நிலைக்குமா என்று பஸ்ஸுக்குள் பெரிய வாக்குவாதம். நானும் ஒரு போர்நிறுத்தத்துக்குத்தான் போகிறேன் என்று அந்த மேதைகளுக்குத் தெரியாது.

ஒட்டுசுட்டான் கழிந்து, தண்ணீரூற்றில் கந்தையா அத்தான் ஏறினார். அக்காவும் அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று ஏக்கர் வயல் செய்கிறார்கள். பயிர் கடலோரக் களப்பின் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. களப்பு வாயிலுள்ள மணல் திட்டை வெட்டினால் வெள்ளம் கடலுக்கு வடியும். இறாலும் கூடவே போய்விடும் என்று மீனவர்கள் மறித்தார்கள். போன கிழமை இரு பகுதியிலும் மண்டைகள் உடைந்தன. கடல் பார்க்க வந்த மச்சானைக் கூட்டிப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, அத்தான் இரகசியமாகச் சமாதானம் பேசப் புறப்பட்டிருந்தார்.

பதினொரு மணிக்கு, சம்மாட்டி அந்தோனிப்பிள்ளையின் வீட்டுக்குப் பின்வழியால் நுழைந்து, குசினி அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம். வள்ளமும் வலையும் அவருடையவை. கரையில் அவர் சொல்தான் சொல். பேச்சு நன்றாகவே பொருந்தி வந்தது. ஞாயிறு வரை ஒருவரும் மண்வெட்டி தூக்குவதில்லை. அதற்குள் பிடிக்கிற இறாலைப் பிடிப்பது. ஞாயிறு தேவாலயப் பூசை முடிய எல்லாரும் சேர்ந்து வெட்டுவது. அதுவரை பயிர் தாங்கும்.

சம்மாட்டியாரின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்தேன். அத்தான் தொடவில்லை.

"குறை நினையாதேங்கோ. கந்தசஷ்டி விரதம். பொழுதுபடுமட்டும் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்."

சம்மாட்டியார் என் வெறும் கோப்பையைப் பார்த்தார். "தம்பியும் சைவம்தானே?"

"ஓம். நான் விரதம் பிடிக்கிறேல்லை. அத்தான் உண்மையாய்த்தான் சொல்லுறார்."

"எங்கட வாசலுக்கு வந்தாத்தான் உங்கட ஆக்களுக்கு விரதம் வரும். என்ர அப்பர் காலத்திலயும் வந்தது. எங்கட கையால ஒரு வாய் குடிக்க ஏலாத ஆளோட ஒண்டாய் மண் வெட்டுறதோ? போட்டு வாங்கோ." சம்மாட்டியார் எழும்பிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அத்தானின் கை கோப்பை வரை போய்த் திரும்பியது. அக்காவுக்கு ஒரு பிள்ளை வேண்டிப் பிடிக்கும் விரதம் அது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தண்ணீரூற்றுத் தேத்தண்ணீர்க் கடையில் என் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். கடைக்காரர் எங்கள் சாதி ஆள். கேளாமலே இரண்டு கோப்பை வைத்தார். அத்தான் தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டார். அதைப் பார்க்கச் சம்மாட்டியார் அங்கே இல்லையே என்று மனம் வெந்தது.

பஸ் வயல்களைக் கடந்தது. வீட்டில் சோறு வெந்துகொண்டிருக்க, தங்களிலும் குறைந்த சாதி என்று எண்ணிய வாசல்களில் "இண்டைக்கு விரதம்" என்று மழுப்பிய எங்கள் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களை நினைத்தேன். அவர்கள் சொன்ன பொய்களுக்கெல்லாம் சேர்த்து, உண்மையாகவே விரதமிருந்த ஒருவரின் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது.