மேற்கு மூலையில் எடுத்த குழி

எங்கள் புஞ்சையை வீட்டுமனைக்கு விற்றபோது நான் அழவில்லை. உளுந்து போட்டால் விதைத்தது கூடத் திரும்பாத நிலம். பங்காளிகள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். மேற்கு மூலை மட்டும்தான் மனதை அறுத்தது. எங்கள் முதல் பிள்ளை அங்கே இருந்தாள். பேர் வைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். என் பழைய சேலையில் சுற்றி, என் வீட்டுக்காரர்தான் எடுத்துப்போய் அந்த மூலை வேம்படியில் புதைத்தார். பெண்கள் கூடப் போகும் வழக்கமில்லை. சரியான இடத்தை அவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. களையெடுக்கப் போகும்போதெல்லாம் வேம்பை ஒருதரம் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

வாங்கியவர்கள் முதல் வேலையாக ஜேசிபி விட்டு முள்ளையும் மரங்களையும் வழித்தெடுத்தார்கள். வேம்பும் போனது. அடுத்து ரோட்டுக்குப் பள்ளம் எடுத்தபோது பெரிய பானை ஒன்றின் வாய் தெரிந்தது. யாரோ தாலுகா ஆபீசில் சொல்ல, வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறையிலிருந்து வந்தார்கள். கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகத் தோண்டினார்கள். மண் சுமக்க ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நேற்றுவரை எங்களுடையதாக இருந்த நிலத்தில் நானும் கூலிக்குப் போனேன்.

ஒருநாள் சின்னத் தாழி ஒன்று வந்தது. பொறுப்பில் இருந்த பெண்ணுக்கு என் இளைய மகள் வயசுதான் இருக்கும். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். உள்ளே விரல் தண்டி எலும்புகளும் இரண்டு பாசிமணிகளும் இருந்தன.

"கைக்குழந்தைம்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதா இருக்கலாம்" என்றாள்.

சாயங்காலம் மற்றவர்கள் போனதும் என் பிள்ளையைப் பற்றி அவளிடம் சொன்னேன். கிடைத்தால் எடுத்துக்கொண்டுபோய் ஊர்ச் சுடுகாட்டிலாவது வைப்போம் என்றேன். மறுநாள் அந்த மூலையில் தோண்டிப் பார்க்க அவள் ஒத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரரை அழைத்துப் போனேன். மரமில்லாத அந்த இடத்தில் அவர் அங்குமிங்கும் நடந்து பார்த்தார். எங்கும் ஒரே கறுப்பு மண். "இங்கனதான்" என்றார். ஆட்கள் பதமாக வெட்டினார்கள். வேர் வந்தது, சுண்ணாம்புக்கல் வந்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே என்றார். அங்கேயும் இல்லை. பிறகு அவரே மண்வெட்டியை வாங்கி வெட்ட ஆரம்பித்தார். மூச்சு இரைத்தது. போதும் என்று கையைப் பிடித்தேன்.

"நாந்தானே வச்சேன். எனக்குத் தெரியாமப் போவுமா?" என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெண் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, நீங்க இடத்தைத் தப்பாச் சொல்லல. பச்சைப்பிள்ளை எலும்பு மண்ணோட மண்ணாப் போயிரும். அந்தக் குழந்தை தாழிக்குள்ள இருந்ததாலதான் கிடைச்சுது" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் நின்றார்.

"ஏட்டி, ஒரு பானையில வைக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சே."

நம் காலத்தில் யார் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தாழியைப் பஞ்சு வைத்துப் பொதிந்து, பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். குழிகளை மூடினார்கள். மனைக்கல் நட்டாயிற்று. மேற்கு மூலையில்தான் முதல் வீடு எழும்பியது. பழைய நிலத்துக்காரர்கள் என்ற மரியாதைக்கு எங்களுக்கும் பால்காய்ப்புக்குப் பத்திரிகை வைத்தார்கள். அவர் வரவில்லை. நான் போனேன். உள்ளே வெள்ளை டைல்ஸ் பளபளத்தது. வாங்க, வாங்க என்று கூப்பிட்டார்கள். எங்கே காலை வைப்பதென்று தெரியவில்லை. வாசலிலேயே நின்று, கொடுத்த பாலைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.