சங்கக்கடைச் சந்திக்கு இருபத்தைந்து பேர்

கமலாதேவி தன் ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஏழு பேருக்குப் பின்னால் இருந்து பயணம் செய்தவள். முதலில் தகப்பனாரின் சைக்கிள் கரியர். பிறகு கணவன் முருகேசுவின் மோட்டார்சைக்கிள், பதினாறு வருடம். 2014இல் அவர் காலமான பின் தமையன், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர், தபாற்கந்தோரில் வேலை பார்த்த ஒருவர். 2021 மார்ச் தொடக்கம் தமையனின் மகன் வசீகரன்.

அவள் தானாக ஓட்டப் பழகாததற்குப் பயம் காரணமில்லை. பத்தொன்பது வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. கடைசியாக வந்தது 2009இல். காலையும் இரவும் மாத்திரை போடுகிறாள். சைக்கிள்கூட மிதிக்கக்கூடாது என்று டொக்ரர் சொன்னதை அவள் ஒருநாளும் மீறவில்லை. அதனால் ஓட்டுபவருக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கு லீவு. ஓட்டுபவர் பட்டணத்தில் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்விட்டால், அவர் சாப்பிட்டு முடித்து வரும்வரை அவள் ஒரு கடை வாசலில் நிற்க வேண்டும். அவள் யாரையும் குறை சொன்னதில்லை. ஏற்றிக்கொண்டு போகிறவரைக் குறை சொன்னால் அடுத்தநாள் நடக்க வேண்டியதுதான்.

சுருவில் ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடைச் சந்தியிலிருந்து பிரதான வீதிக்கு 4.3 கிலோமீற்றர். இடையில் உப்புவெளி. கார்த்திகை மழையில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். 1990இல் யுத்த இடம்பெயர்வோடு அந்த வீதியில் பஸ் நின்றது. பிறகு சனம் திரும்பி வந்தது, பஸ் திரும்பவில்லை. சனம் மோட்டார்சைக்கிள் வாங்கியது. மோட்டார்சைக்கிள் இருந்தபடியால் யாரும் பஸ் கேட்கவில்லை. யாரும் கேட்காதபடியால் பஸ் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் இப்படியே போனது.

2025 தை மாதம் கிராம அலுவலரான விதானையார் சங்கக்கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார். சுருவில் உள்வீதியால் காலையும் மாலையும் பட்டணத்துக்கு ஒரு பஸ் விட யோசனை இருக்கிறது. பெப்ரவரி 10, திங்கட்கிழமை காலை 6.15க்கு உத்தியோகத்தர் ஒருவர் சந்திக்கு வந்து பயணிகளை எண்ணுவார். ஆகக் குறைந்தது இருபத்தைந்து பேர் வேண்டும்.

அதே கிழமையில் வசீகரனுக்குக் கனடா விசா கிடைத்தது. பயணம் பெப்ரவரி 28. கமலாதேவி வேலை செய்வது பட்டணத்தில், பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் ஒரு தையலகத்தில். துணி வெட்டுகிறவள் அவள்தான். அவள் வெட்டிக் கொடுக்காமல் நான்கு மெசின்களும் ஓடாது. முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அக்கா, மார்ச் மாதத்தில இருந்து எட்டு மணிக்கு மேசையில துணி விழவேணும். இப்பிடி ஒருநாள் எட்டேகால், ஒருநாள் ஒன்பது எண்டு ஏலாது. கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, நான் வேற ஆளைப் பாக்கிறன்."

"கஷ்டமில்லை. வருவன்."

சொல்லிவிட்டு வந்து வசீகரனின் பின்சீற்றில் ஏறியபோதுதான் எப்படி வரப்போகிறோம் என்று அவள் யோசித்தாள். ஓட்டோ பிடித்தால் சம்பளத்தில் பாதி வீதியிலேயே போய்விடும். பஸ் வந்தால் வேலை இருக்கும், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விசயம்.

இரண்டு கிழமையாக அவள் கண்டவர் எல்லோருக்கும் சொன்னாள், "பத்தாந் திகதி விடிய ஆறேகாலுக்குச் சந்திக்கு வாங்கோ. ஒருத்தரும் மிச்சமில்லாமல் வாங்கோ." சனம் வந்தது. ஒரு உத்தியோகத்தர் ஊருக்கு வருகிறார், பேர் பதியப்போகிறார் என்றதும் ஆட்கள் தலைக்குத் தோய்ந்து, உடுத்தி, மோட்டார்சைக்கிளைக் கழுவித் துடைத்து அதில் வந்து இறங்கினார்கள். சந்தியில் பத்தொன்பது மோட்டார்சைக்கிளும் இரண்டு ஓட்டோவும் வரிசையாக நின்றன. ஆட்கள் மொத்தம் நாற்பத்திரண்டு.

உத்தியோகத்தரின் பெயர் றஜீபன். முப்பது வயதிருக்கும். வந்து இறங்கியவர் படிவத்தை எடுக்கவேயில்லை.

"அம்மா, நான் பயணியளை எண்ண வந்தனான். இஞ்ச மோட்டார்சைக்கிள் ஷோறூமெல்லோ வைச்சிருக்கிறியள்."

"எல்லாரும் பஸ் வேணுமெண்டு வந்தவை, தம்பி."

"வாகனத்தில வந்து நிண்டு வாகனம் வேணுமெண்டு கேட்டால் நான் மேல என்னெண்டு எழுதுறது?"

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. தாங்கள் செய்த பிழை அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. ஒருவர் தன் மோட்டார்சைக்கிளை மெல்ல உருட்டிச் சங்கக்கடைக்குப் பின்னால் கொண்டுபோனார். பார்த்துக்கொண்டு நின்ற றஜீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, ஓட்டிக்கொண்டு வந்தவையை விடுங்கோ. பின்னால இருந்து வந்தவையை எண்ணுங்கோ."

"அதென்ன கணக்கு?"

"ஓட்டுறவருக்குப் பஸ் தேவையில்லை. பின்னால இருக்கிறவருக்கு ஓட்டுறவர் தேவை. அவர் கனடா போனால் அவருக்குப் பின்னால இருந்தவர் எங்க போறது?"

எல்லோரும் திரும்பி வசீகரனைப் பார்த்தார்கள். அவன் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டான்.

றஜீபன் எண்ணினார். மோட்டார்சைக்கிள்களின் பின்சீற்றில் வந்தவர்கள் பதினைந்து. இரண்டு ஓட்டோக்களிலும் சாரதிகளை விட்டுப் பார்த்தால் ஆறு. மொத்தம் இருபத்தொன்று.

"நாலு குறையுது, அம்மா."

"அந்த நாலும் வீட்டில இருக்கு. ஏத்திக்கொண்டு வர ஆளில்லாமல் இருக்கினம். அதுக்குத்தானே பஸ் கேக்கிறம்."

"வீட்டில இருக்கிறவையை நான் எண்ண ஏலாது."

அவர் சைக்கிள் நிறுத்தும் கம்பியில் சாய்ந்து நாட்குறிப்பைப் புரட்டினார். பிறகு சொன்னார், "வெள்ளிக்கிழமை இந்தப் பக்கத்தால போறன். ஆறேகாலில இருந்து ஆறேமுக்கால் வரைக்கும் நிப்பன். நடந்து வாறவையை மட்டும்தான் எண்ணுவன். வாகனத்தில வந்தவை பின்னால இருந்தாலும் கணக்கில்லை. சரியோ?"

"சரி" என்றாள் கமலாதேவி. மற்றவர்கள் தங்கள் மோட்டார்சைக்கிள்களைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தைப்பூசம், வீடுகளில் ஆள் இல்லை. புதன்கிழமை பௌர்ணமிப் போயா லீவு. காலை எட்டு மணிக்குத் துணி வெட்டும் மண்ணிறக் கடதாசியில் ஒரு துண்டு கிழித்து எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். மத்தியானம் வரை இருபத்தாறு வீடு. ஒன்பது பேர்தான் ஓம் என்றார்கள். மற்ற வீடுகளில் பிளேன்ரீ கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஏன் என்று மீனலோசனி அக்கா வீட்டில்தான் விளங்கியது. மீனலோசனிக்கு வயது அறுபத்தேழு. இரண்டு மகன்மாரும் சுவிஸில். கோயிலுக்குப் போவதென்றாலும் வாசல் படலைக்கு ஓட்டோ வரும்.

"நடந்து வாறதோ? கமலா, உமக்கென்ன விசரே? பெடியள் காசு அனுப்புறதை நிப்பாட்டிப்போட்டாங்கள் போல, மனிசி தெருவில நடக்குது எண்டு சனம் கதைக்கும்."

"கதைக்கிற சனமும் அண்டைக்கு நடந்துதானே வரும், அக்கா."

"ஆர் வருது?"

"எல்லாரும்."

இது பொய். கடதாசியில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கமலாதேவி பொய் பேசிப் பழக்கமில்லாதவள். சொன்ன பிறகு முகத்தைத் திருப்பி முற்றத்து மாமரத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் வருகினமெண்டால் நான் ஒராள் வராமல் நிண்டால் அதுக்கும் கதைக்குங்கள்," என்றாள் மீனலோசனி. "சரி, எழுதும்."

அங்கிருந்து அவள் கால் ஓயவில்லை. முதல் சொன்ன வீடுகளுக்கே திரும்பவும் போனாள். இம்முறை பஸ்ஸைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மீனலோசனி அக்காவே நடந்து வாறா" என்று மட்டும் சொன்னாள். "ஆர், சுவிஸ்க்காரியோ?" என்று கேட்டார்கள். "ஓம்." வேலிக்கு வேலி அந்தக் கதை அவளுக்கு முன்னால் ஓடியது. ஏற்றிவர ஆளில்லாமல் திங்கட்கிழமை வீட்டில் இருந்தவர்களுக்கோ சொல்லியே இருக்கத் தேவையில்லை. எல்லோரும் வாகனத்தில் போகத் தாங்கள் மட்டும் நடந்து போகக் கூச்சப்பட்டவர்கள்தான் அவர்கள். மாலை ஆறரைக்குக் கடதாசியில் முப்பத்து மூன்று பேர். மத்தியானம் சொன்ன பொய் பொழுதுபடுவதற்குள் உண்மையாகிவிட்டது. அது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

வெள்ளிக்கிழமை 5.50க்கு அவள் சந்தியில் நின்றாள். 6.15க்கு றஜீபன் வந்தபோது பதினொரு பேர். 6.25க்குப் பதினெட்டு. அதன்பின் மடத்தடி ஒழுங்கையால் ஒரு கூட்டமாக வந்தார்கள். அதற்கு நடுவில் மீனலோசனி, காஞ்சிபுரம் சீலையும் இரட்டைப்பட்டுச் சங்கிலியுமாக, குடை பிடித்து, வீதியின் நட்டநடுவே நடந்து வந்தாள். அந்த நேரத்தில் வெயிலுமில்லை, மழையுமில்லை.

"தம்பி, எழுதும்," என்றாள் உத்தியோகத்தரிடம். "மீனலோசனி, விருப்பத்தில நடந்து வந்தவ. வசதியில்லாமல் இல்லை எண்டும் எழுதும்."

"அதுக்குப் படிவத்தில இடமில்லை, அம்மா."

"ஓரத்தில எழுதும்."

அவர் ஓரத்தில் எழுதினார். 6.45க்குக் கூட்டிக் கையொப்பம் வைத்தார். இருபத்தொன்பது பேர். சொன்னவர்களில் நான்கு பேர் வரவில்லை.

பெப்ரவரி 25இல் பஸ் பற்றி வந்த கடிதத்தை விதானையார் சந்தியில் வாசித்தார். மார்ச் 17, திங்கட்கிழமை தொடக்கம் மூன்று மாதத்துக்குப் பஸ் ஓடும். ஆள் குறைந்தால் நிறுத்தப்படும். சனம் கைதட்டியது. கமலாதேவி மனதுக்குள் நாள் எண்ணினாள். 28இல் வசீகரன் போகிறான். மார்ச் 1, சனிக்கிழமை, தையலகம் பூட்டு. மார்ச் 3இலிருந்து 15 வரை, போயாவைத் தவிர்த்துப் பதினொரு வேலைநாள். அந்தப் பதினொரு நாளும் எட்டு மணிக்கு மேசையில் துணி விழ வேண்டும்.

வசீகரன் போவதற்கு முதல்நாள் கேட்டான், "மாமி, ஆரிட்டயும் சொல்லிவிட்டுப் போகட்டோ? பத்துப் பன்ரண்டு நாள்தானே. மாறி மாறி ஏத்திக்கொண்டு போவினம்."

"வேண்டாம், ராசா. நீ சுகமாப் போய்ச் சேர்."

மார்ச் 3 காலை 5.40க்கு அவள் வீட்டை விட்டு இறங்கினாள். பிரதான வீதியைப் பிடிக்க 62 நிமிடம். அங்கே 6.55க்குப் பட்டணம் போகும் பஸ். முதல்நாள் தையலகத்துக்குள் போனபோது மணி 7.56. இரண்டாம் நாள் இடது குதிக்காலில் கொப்புளம். மூன்றாம் நாள் செருப்பை மாற்றினாள்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, உப்புவெளிக்கு நடுவில் பின்னால் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே மீனலோசனி, வியாழக்கிழமைக் கிளினிக்குக்கு ஆஸ்பத்திரி போகிற சீலையில்.

"ஏறும் கமலா. பட்டணம்தான் போறன்."

"இல்லை அக்கா, நீங்கள் போங்கோ."

"என்ன வீம்பு இது? ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறீர்."

கமலாதேவி நிற்கவில்லை. ஓட்டோ அவளோடு கூடவே மெல்ல உருண்டது.

"அக்கா, மூண்டு மாசம்தான் தந்திருக்கினம். ஆள் குறைஞ்சால் நிப்பாட்டிப்போடுவினம். இப்பவே ஆளையாள் ஏத்தி இறக்கிற பழக்கத்தை விடாட்டிப் பதினேழாந் திகதி சந்தியில ஆர் நிக்கிறது? எனக்கு இந்த வீதியில பஸ் வாறது மட்டும் காணாது. நிலைச்சு ஓடவும் வேணும்."

மீனலோசனி ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"கிளினிக்குக்குப் பஸ்ஸில வாங்கோ. உந்த ஓட்டோவைப் பதினேழாந் திகதியில இருந்து வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"அக்காமார்," என்றான் ஓட்டோக்காரன், கண்ணாடியில் பார்த்தபடி, "நான் இஞ்சதான் இருக்கிறன்."

"தெரியும்," என்றாள் மீனலோசனி. "காது இருக்குத்தானே. கேட்டனீர்தானே. வியாழக்கிழமையில வராதையும். கோயிலுக்கு மட்டும் வாரும்."

ஓட்டோ அவளை முந்திக்கொண்டு போனது. கமலாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கதைத்ததில் மூன்று நிமிடம் போயிருந்தது. அவள் குதிக்காலைப் பாராமல் வேகத்தைக் கூட்டினாள். பிரதான வீதிக்கு வந்தபோது 6.44. தையலகத்துக்கு வந்தபோது 7.57. கைப்பையைத் தொங்கவிட்டு, அளவுநாடாவைக் கழுத்தில் போட்டு, வெள்ளைத் துணிக் கட்டைப் பிரித்து மேசையில் விரித்தாள். அன்று வெட்ட இருந்தது எண்பது சட்டை. நடக்க இன்னும் ஏழு நாள்.