புஷ்பவள்ளி கண்ட குமிழி

என் சிற்றப்பா ஐயாசாமியின் மூத்த மகள் புஷ்பவள்ளி, செனாய் அருகே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினேழு ஆண்டுகள் பரிசோதகராக இருந்தார். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண்ணெடுக்காமல் பார்ப்பது அவர் வேலை. ஊசிமுனைத் துளையாக இருந்தால் கடைசி நொடியில்தான் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும். 2023 ஜூலையில் அங்கே ஆட்குறைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

ஆகஸ்டு 18ஆம் நாள், கூலாயில் லெட்சுமணன் என்பவரின் டயர் கடையில் மூன்று மாதச் சோதனைக் காலத்துக்குச் சேர்ந்தார். அந்தக் கடையில் அதுவரை எந்தப் பெண்ணும் ஸ்பேனர் பிடித்ததில்லை. மூத்த பணியாளர் செல்வா நாள்தோறும் சீண்டுவார்: "யக்கா, இது கையுறை இல்ல லா. தண்ணி ஊத்தித் தொங்கவிட முடியாது."

நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. சோதனைக் காலத்தின் கடைசி நாள். பள்ளி விடுமுறையாதலால், காஹாங்கில் கற்பிக்கும் ஆசிரியை அழகம்மை காலையிலேயே காரோடு வந்துவிட்டார்.

"மூணாவது தடவ, லெட்சுமணன்! திங்கக்கெழம காத்து முப்பத்திரண்டு அடிச்சீங்க. இன்னிக்கு இருபத்தொண்ணு. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல டயர் படுத்துட்டா எனக்கு யாரு வருவா?"

"புது டயரே போட்டுடலாம், டீச்சர்."

"போன மாசம்தானே நாலும் புதுசாப் போட்டேன்!"

லெட்சுமணன் புஷ்பவள்ளியைத் தனியே அழைத்தார். "இன்னியோட மூணு மாசம் முடியுது, புஷ்பா. இதக் கண்டுபிடிச்சா நாளைக்கு வா. இல்லன்னா மனசுல ஒண்ணும் வச்சிக்காத."

முன் இடது சக்கரம் கழற்றப்பட்டது. செல்வா அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, ஒருமுறை சுழற்றி, அரை நிமிடம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல."

"எடுக்காதீங்க," என்றார் புஷ்பவள்ளி.

டயரின் தரைபடும் முகம், பக்கங்கள், ரிம்மோடு சேரும் விளிம்பு என ஒவ்வோர் இடத்தையும் இரண்டிரண்டு நிமிடம் பார்த்தார். ஒரு குமிழிகூட எழவில்லை. அப்போதுதான் வால்வின் மேல் திருகியிருந்த சின்னப் பிளாஸ்டிக் மூடி அவர் கண்ணில் பட்டது.

"மூடியோடவே ஏன் எறக்குறீங்க?"

"உள்ள தண்ணி போயிடக் கூடாதுல்ல. எப்பவும் அப்படித்தான்."

"அப்ப இந்த வாயை யாருமே பாக்கலையா?"

சக்கரத்தை வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் சோப்பு நுரையைத் தடவினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முப்பது நொடி. ஐம்பது. ஒரு நிமிடம் கடந்தபோது, நுரையின் நடுவே கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது. அது மிளகாகி, பட்டாணியாகி, உடைந்தது.

"அலமாக்!" என்று கத்தியவர் செல்வா. "பாஸ், ஓடியாங்க! யக்கா புடிச்சிட்டாங்க!"

வால்வுக்குள் இருக்கும் ஊசியை முறுக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்தார் புஷ்பவள்ளி. ஊசியின் ரப்பர் வளையத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்டோபர் 23 ஆயுத பூஜையன்று, இந்தக் காருக்குக் காற்றடித்த கையோடு, மூடி போடுவதற்கு முன்பே வால்வின் மேல் ஒருவர் பக்தியோடு குழைத்து அப்பியதை அவர் நேரில் கண்டிருந்தார்.

"என்னது அது?" என்று குனிந்தார் அழகம்மை.

வெறும் தூசி என்று புஷ்பவள்ளி சொல்லியிருக்கலாம். லெட்சுமணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தனம், டீச்சர். குங்குமமும் இருக்கு. அடுத்தடுத்துக் காத்தடிக்கிறப்ப உள்ள எறங்கியிருக்கு. ஊசி சரியா மூட முடியல."

"எங்க வீட்டுல வைக்கலையே?"

"இங்க வச்சது. பாஸ்தான் வச்சாரு."

திடீரென்று அழகம்மை சிரித்துவிட்டார். "நெத்தியில வைக்கிற பொட்ட மூச்சுக்குழாய்க்குள்ளயா வச்சீங்க, லெட்சுமணன்?"

லெட்சுமணனின் முகம் காதுவரை சிவந்தது. ஆனால் செல்வா விடுவதாயில்லை. "பாஸ், அன்னிக்கு மட்டும் பதினாலு காடிக்குப் பொட்டு வச்சீங்க!"

"பதினாலு காரா?" லெட்சுமணன் தலையில் கைவைத்தார். மறு நொடியே குரல் உயர்ந்தது. "செல்வா, அந்தப் பில் புத்தகத்த எடு! எல்லாரையும் கூப்புடு, இன்னிக்கே வரச் சொல்லு! புஷ்பா, வர்ற வண்டியெல்லாம் நீதான் பாக்கணும்."

"சரி, பாஸ். ஆனா... நாளைக்கு?"

"நாளைக்கு வர்றப்ப ஐசி அட்டையோட காப்பி கொண்டா. இபிஎஃப் சேமநிதில உன் பேரப் போடணும்."

புதிய ஊசி பொருத்தப்பட்ட காரில் அழகம்மை கையசைத்துக் கிளம்பினார். பதினொன்றரைக்கு அடுத்த கார் கடைக்குள் நுழைந்தது. அது முழுதாக நிற்பதற்குள் புஷ்பவள்ளி சோப்பு நுரைக் கிண்ணத்தோடு ஓடினார்.