ஓர் எண்கூட விடாமல்

நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். இரண்டு கப் காபி போட்டேன். ஒன்றைக் குடித்தேன், மற்றதைத் தொட்டியில் கொட்டினேன். மனைவி விபத்தில் போய் நான்கு மாதம். கைக்கு இன்னும் அது தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று எங்கள் போர்டுக்குச் சோதனை. இயந்திரத்தின் அதிர்வை அளந்து, நெட்வொர்க் கேபிள் வழியாக நொடிக்கு ஆயிரக்கணக்கான சின்னத் தகவல் பாக்கெட்டுகளாக என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் போர்டு அது. அனுப்பும் புரோகிராம் என் மனைவி எழுதியது. வாங்கும் புரோகிராம் நான் எழுதியது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் எண். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் என்னுடையது கேட்கும். அவளுடையது மறுபடி அனுப்பும்.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு நம்பர் குறைஞ்சாலும் கடையில விக்கிற போர்டை வாங்கிடுவேன். இது குப்பைக்குத்தான்,” என்றார் முதலாளி.

“குறையாது சார். தங்கச்சி பண்ணினதாச்சே,” என்றார் சால்டர் அண்ணன். போர்டில் பற்றவைப்பு வேலையெல்லாம் அவருடையது; அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். “சண்டையில விட்டுப்போன வார்த்தையைக்கூட மறுநாள் வந்து சொல்லிட்டுப் போற ஆளு.”

சிரித்தார்கள். நானும் வாயை அசைத்தேன். அவள் செய்தவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

12.52. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையில் எண்கள் சட்டென்று நின்றன. விட்டுப்போனவற்றை என் புரோகிராம் கேட்டது.

வந்தன. எல்லாம்.

சற்று நேரத்தில் மறுபடி ஓர் எண் விட்டது. இந்த முறை, கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. அப்படி வர வழியே இல்லை...

பிறகு திரையில் அதிர்வுக் கோடு எகிறியது. அடுத்தடுத்து மூன்று முறை. ஓர் இடைவெளி... இன்னொரு முறை.

சோதனை தொடங்குமுன், அதிர்வை அளக்கும் சென்சாரை நகத்தால் அவள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள். வேறு யாரும் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை.

கண்ணாடி வழியாகப் பக்கத்து அறையைப் பார்த்தேன். இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தது. ஆளில்லை. போர்டு இருக்கும் இரும்புப் பெட்டி மூடியே இருந்தது.

டக் டக் டக்... டக்.

என் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரே கிடையாது.

கேபிளைப் பிடித்தேன். இழுத்தால் தீர்ந்தது.

இழுக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி திரையைப் பார்த்தார். விட்டுப்போனவை: பூஜ்யம். “ஜெயிச்சிட்டாப்பா உன் பொண்டாட்டி,” என்று தோளில் தட்டினார்.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் தனியே கூட்டிப்போனார்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன் தம்பி. எல்லாரும் சாப்பிடப் போனப்ப, மணி ஒண்ணு ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பெட்டியில புகை வந்துடுச்சு. நீ திரையையே பார்த்துட்டிருந்தே, உனக்குத் தெரியறதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு கழட்டி எடுத்துட்டு வந்தேன். பெட்டி மத்தியானத்துலேர்ந்து காலி.”

போர்டு அவர் மேசையில் கிடந்தது. நடுவில் கருகி.

நான்கு மாதம் முன்பு, விபத்து நடந்த அன்று, இன்னொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது, வேலைக்குத் திரும்பி வரும் வழியில் போன் செய்தாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“பாதியில நிறுத்திடாதடா. வந்துடறேன்.”