கிரேனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஆலையொன்றில் எனக்குப் பிளானிங் வேலை: இருப்பது ஒரே கிரேன், கேட்பவர்களோ ஆலை முழுக்க, ஆகவே பொழுது விடிந்தால் திட்டுதான். போன வருடம் அந்தப் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் ஆபீஸிலும் அது வந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். திட்டு மட்டும் இன்னும் எனக்குத்தான் வருகிறது.

காலி இடம்

கிரேன் ஓட்டும் ஏழுமலை கவரைப்பேட்டைக்காரர். அவர் மனைவிக்குத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை மச்சான் கூட்டிப்போவார். செவ்வாய்க்கு இவரை விட்டால் ஆளில்லை. பகல் ஷிப்டில் கிரேன் ஓட்டவும் இவரை விட்டால் ஆளில்லை. அதனால் செவ்வாயன்று கிரேன் தேவைப்படாத வேலைகளாகப் பார்த்துப் போட்டுவந்தேன்.

புதிதாக வந்த அந்தச் செயற்கை மகாராசன் முதல் வாரமே அந்தக் காலி இடத்தைக் கண்டுபிடித்து வேலையால் நிரப்பினான். ஏழுமலைக்கு லீவு கேட்டால், மாற்று ஆள் இல்லை என்று தள்ளிவிட்டான். மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்குக் குடும்பம் கிடும்பம் எல்லாம் தெரியாதுய்யா. அதுக்காகத்தானே வாங்கினோம்."

கிரேனுக்கு வந்த சீக்கு

மனுஷனுக்கு லீவு தராத அந்தச் சனியன், மெஷின் பழுது என்றால் மறுபேச்சில்லாமல் வேலையை மாற்றிப்போடும். இது தெரிந்ததும் செவ்வாய்தோறும் "கிரேன் பிரேக் பழுது" என்று பதிந்தேன். ஏழுமலை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். விஷயம் தெரியாத ஃபிட்டர் கோபால் மட்டும் வாராவாரம் மேலே ஏறிப் பிரேக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"பிரேக்குல ஒண்ணுமே இல்ல சார். எவனோ கண்ணு வெச்சிக்கிறான். கட்டிவுட்டா சரியாப் பூடும்."

நிரந்தரத் தீர்வு

கொஞ்ச நாளில் அந்தச் சனியனும் கவனித்துவிட்டது, கிரேன் செவ்வாயன்றுதான் படுக்கிறது என்று. உடனே உத்தரவு: இனி செவ்வாய்தோறும் கிரேனுக்கு ஓய்வு, முழுநாள் பராமரிப்பு, ஓட்டுநர் கட்டாயம் கூடவே இருக்க வேண்டும்.

இனி ஏழுமலை செவ்வாயன்று ஆலையை விட்டு நகரவே முடியாது. பழுதெல்லாம் நான் போட்ட பொய் என்று மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது இந்தப் பழுதைக் கண்டுபிடிச்சதைக் காட்டித்தான் ஹெட் ஆபீஸ்ல பாராட்டு வாங்கியிருக்கேன். இனிமே அந்தக் கிரேன் நெஜமாவே ரிப்பேர்தான், புரியுதா?"

ஹெல்மெட்

ஒரே ஒரு செவ்வாய் ஏழுமலை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேலைக்கு வந்தார். மறுநாள் அவர் மனைவிக்கு மூச்சுத் திணறி ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது பெரும்பாடு. அந்த வாரக் கடைசியில் ஏழுமலை என் மேஜைமேல் ஹெல்மெட்டை வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒங்க மேல தப்பில்ல சார். நீங்க எனக்குத்தான் லீவு கேட்டீங்க, அது கிரேனுக்குக் குட்த்துச்சு."

இப்போது எங்கள் கிரேன் செவ்வாயன்று உத்தரவுப்படியும், மற்ற நாட்களில் ஓட்ட ஆளில்லாமலும், நன்றாக ஓய்வெடுக்கிறது.