டெல்லிக்குப் போன கடிதம்

திண்டுக்கல் பஸ் நிலையத்தருகே நான் டைப் அடித்துப் பிழைத்த காலத்தில், கிணற்று ஆயில் இன்ஜின் மெக்கானிக் ஒருவர் வந்தார். நெட்டையான ஆள். எங்கே இன்ஜின் ஓடினாலும் கண்ணை மூடிக் கேட்பார்.

"ரெண்டு பேர் போற சின்ன ஏரோப்ளேனுக்கு டீசல் இன்ஜின் வரைஞ்சிருக்கேண்ணே. கனம் ரொம்பக் கம்மி. டெல்லி சர்க்காருக்கு இங்கிலீசுல எழுதிக் குடுங்க."

அவரைக் கேலி செய்வார்களே என்று, 'ஏரோப்ளேன்' வந்த இடத்திலெல்லாம் 'பம்ப்செட்' என்று அடித்துவிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

பதிலை என்னிடமே கொண்டுவந்தார். பம்ப்செட்டுக்கு இத்தனை எடை குறைந்த இன்ஜின் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"என்ன சொல்றாக?"

"வேணாமாம்."

"கனம் குறைச்சது பத்தலையோ? இன்னும் குறைச்சுப் பாக்குறேன்."

வெளியே பஸ் உறுமியது. கண்ணை மூடிச் செத்த நேரம் கேட்டுவிட்டுக் கிளம்பினார். எழுந்து கூப்பிட்டிருக்கலாம். அடுத்த ஆளுக்கு மெஷினில் காகிதம் செருகினேன்.